பதினெட்டு வயதும் சுதந்திரமும்

1957ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 31ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என முழங்கினார். அங்குக் கூடியிருந்த இளையோருக்குச் சுதந்திரத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொந்த நாட்டைச் சொந்த மக்களே ஆள்வதுதான் சுதந்திரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளோ சுதந்திர நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சுதந்திரம் என்றால் என்ன என்று இவர்களிடம் கேட்டால் பல விடைகள் கிடைக்கும். சொந்தத் திறன்பேசி, மோட்டார் சைக்கிள் உரிமம், நண்பர்களோடு வெளியே சென்றுவர அனுமதி, விரும்பிய துறையில் படிப்பு, சமூக ஊடகத்தில் மனத்தில் பட்டதைச் சொல்லும் உரிமை எனப் பட்டியல் நீளும்.

இப்பட்டியலைக் கேட்கும் பெரியோர் சிலர், இக்காலப் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் என்பது மனம்போன போக்கில் வாழ்வதுதான் என்று வருந்துகின்றனர். இக்கருத்து முழுமையான உண்மையன்று. அண்மைக் கால மலேசிய வரலாறே அதற்குச் சான்று.

முன்பு, 21 வயது நிரம்பியவர்கள் மட்டுமே மலேசியாவில் வாக்களிக்க முடிந்தது. அதற்கும் அவர்கள் தாங்களே முன்வந்து வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும். 18 வயதிலேயே வாக்குரிமை வேண்டும் என்று இளையோர் இயக்கமாகத் திரண்டு குரல் கொடுத்தனர். 2019ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி 211 உறுப்பினர்களின் ஆதரவோடு அதற்கான அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வருவதில் தாமதம் ஏற்பட்டபோது, சரவாக்கைச் சேர்ந்த ஐந்து இளையோர் நீதிமன்றத்தை நாடினர். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கூச்சிங் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் 18 வயது வாக்குரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் நடப்புக்கு வந்தன. இதன் பயனாக, 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

மனம்போன போக்கில் வாழ நினைப்பவர்கள் இப்பணியைச் செய்திருக்க முடியாது. சட்டத்தைப் படித்து, பிறருக்கு விளக்கி, பொறுமையோடு காத்திருந்து அந்த இளையோர் தங்கள் உரிமையைப் பெற்றனர். முடிவெடுப்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. இன்றைய இளையோரின் சுதந்திர வேட்கையின் மையமும் இதுவே.

எனினும், நாடு நம்பும் அளவுக்கு வீடு அவர்களை நம்புகிறதா என்பது கேள்விக்குறியே. எந்தக் கட்சி நாட்டை ஆள வேண்டும் என்று தீர்மானிக்கும் வாக்கை 18 வயதினரிடம் சட்டம் ஒப்படைத்துவிட்டது. அதே வயதில் எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை அடுத்து என்ன படிப்பது என்பதைப் பல வீடுகளில் வேறு யாரோ முடிவு செய்கின்றனர். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் மதிப்புக்குரியவை எனவும், தொழிற்கல்வி மதிப்பெண் குறைந்தோருக்கு உரியது எனவும் எண்ணும் போக்கு இன்னும் மறையவில்லை. வாகனப் பொறியில் ஆர்வமுள்ளவனும் சமையற்கலையில் திறமையுள்ளவளும் தங்கள் விருப்பத்தைச் சொல்லவே தயங்குகின்றனர்.

பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் பல, பிள்ளைகளின் கல்வியால்தான் தலைநிமிர்ந்தன. தவறான துறையைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுகளும் பணமும் வீணாகும். கல்விக் கடன் வாங்கினால் படிப்பு முடியாவிட்டாலும் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆயினும், பிறர் எடுத்த முடிவில் தோற்றவர் வாழ்நாள் முழுவதும் பிறரையே குறை கூறுவார். தாமே எடுத்த முடிவில் இடறியவர் அதிலிருந்து பாடம் கற்பார். பிள்ளை ஒருபோதும் இடறிவிடக் கூடாது என்று பெற்றோரே எல்லாவற்றையும் முடிவு செய்தால், நடக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே பிள்ளைக்கு இல்லாமல் போகும்.

இச்சிக்கலுக்கு வாகன ஓட்டுநர் உரிமம் நல்லதொரு வழிகாட்டி. மோட்டார் சைக்கிள் உரிமம் பெற விரும்பும் 16 வயது மாணவர் முதலில் சாலை விதிகளைக் கற்கிறார், தேர்வு எழுதுகிறார், பயிற்சி பெறுகிறார். உரிமம் கிடைத்த பிறகும் ஈராண்டுகளுக்குத் தகுதிகாண் ஓட்டுநராகவே சாலையில் செல்கிறார். வாகனத்தில் ஒட்டியிருக்கும் ‘பி’ எழுத்தை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. பொறுப்பு கூடக் கூட உரிமையும் கூடுகிறது.

குடும்பத்திலும் இம்முறையைப் பின்பற்றலாம். முதலாம் படிவ மாணவரிடம் வாரச் செலவுப் பணத்தைக் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொல்லலாம். நான்காம் படிவத்தில் பாடத் தேர்வை அவரிடமே விட்டு, அதற்கான காரணத்தை மட்டும் கேட்கலாம். இவ்வாறு சிறிய முடிவுகளில் பழகிய பிள்ளை 18 வயதில் பெரிய முடிவைக் கண்டு மிரளாது. பெற்றோரும் அஞ்ச வேண்டியதில்லை.

இளையோரும் ஒன்றை மறக்கக் கூடாது. தடுப்பார் யாரும் இல்லை என்பதாலேயே ஒருவர் சுதந்திரமானவராகிவிட மாட்டார். ஐந்து நிமிடத்துக்கு என்று திறன்பேசியைத் திறந்தவர் இரண்டு மணி நேரம் கழித்தே தலைநிமிர்கிறார். அடுத்து எந்தக் காணொலியைப் பார்ப்பது என்பதை அவர் முடிவு செய்யவில்லை. செயலியே முடிவு செய்தது. புலனத்தில் வந்த வதந்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்புபவரும் யாரோ சிந்தித்ததைத்தான் சுமந்து செல்கிறார். பெற்றோரின் கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிவதால் அதனோடு வாதாடலாம். கண்ணுக்குத் தெரியாத இக்கட்டுப்பாட்டை உணர்வதே கடினம்.

ஆகவே, முடிவெடுக்கும் உரிமையைக் கேட்கும் இளையோர் முடிவெடுக்கும் திறனையும் வளர்த்துக்கொள்ள வேண்டும். இம்முடிவுக்குத் தேவையான விவரங்கள் தெரியுமா, இதனால் யாரெல்லாம் பாதிக்கப்படுவர், திட்டமிட்டபடி நடக்காவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் பெற்றோரும் தயங்காமல் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். நாட்டின் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் கைகளுக்குத் தம் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு.