பகல் விளக்கு யாருக்காக?

2017-ஆம் ஆண்டின் கோடையில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டுச் சாலையில் ஒரு காட்சியை அடிக்கடி காண முடிந்தது. புதிய இருசக்கர வாகனத்தில் வருபவரைப் பார்த்து, எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார். 'விளக்கு எரிகிறது' என்பது அதன் பொருள். வண்டியோட்டி பதறிப்போய் விளக்கை அணைக்கும் விசையைத் தேடுவார். அது அங்கே இருக்காது.

அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் இயங்கத் தொடங்கியதும் முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது கட்டாயமானது. கார்களுக்கு அவ்வாணை பொருந்தாது. எனினும் பல கார்களில் பகல்நேர விளக்கு தனியாகவே பொருத்தப்பட்டு வருகிறது. என்ஜின் இயங்கியதும் அது எரியும். முகப்பு விளக்கைப் போட்டதும் அணையும் அல்லது மங்கும். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைப் பகலெல்லாம் எரிப்பதைக் காட்டிலும், எல்இடி பகல் விளக்குக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. ஆகவே, எரிபொருள் வீணாகிறது என்ற பழைய வாதத்துக்கு இன்று வலுவில்லை.

இந்த விளக்கு பாதையைப் பார்ப்பதற்கானது அன்று. பிறர் கண்ணில் படுவதற்கானது. செலவு வண்டிக்காரருடையது, பயனில் பெரும்பகுதி சாலையைக் கடக்கும் முதியவருக்கும், எதிரே வளைவில் திரும்புபவருக்கும் சேர்கிறது. பொருளியலில் இதனைப் புறவிளைவு என்போம். பயன் பிறருக்குப் போகும் ஒன்றைத் தனிமனிதர் தம் விருப்பத்தால் போதிய அளவு வாங்குவதில்லை. அரசின் ஆணை தேவைப்படுவது இதனால்தான்.

'நம் வெயிலுக்கு விளக்கு எதற்கு?' என்ற கேள்வி அன்று பரவலாக எழுந்தது. நியாயமான கேள்விதான். 1972-இல் பின்லாந்தும் 1977-இல் ஸ்வீடனும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியபோது, அங்குள்ள மங்கலான குளிர்காலமே முதன்மைக் காரணம். ஆனால், நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியா 1992-இலேயே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்றது. மோட்டார் சைக்கிளின் முகப்பு குறுகலானது. தொலைவிலிருந்து அதன் வேகத்தைக் கணிப்பது கடினம். மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் சாலையில் இந்தச் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது.

ஆனால், இதற்கு மறுபக்கம் உண்டு. பல கார்களில் பகல் விளக்கு முன்புறம் மட்டுமே எரியும், பின்விளக்குகள் எரியா. ஒளி உணரி உள்ள கார் இருட்டியதும் முகப்பு விளக்கையும் பின்விளக்கையும் தானே போட்டுவிடும். உணரி இல்லாத காரில், டேஷ்போர்டு ஒளிர்வதையும் முன்னே சற்று வெளிச்சம் இருப்பதையும் கண்டு, எல்லாம் எரிகிறது என்று ஓட்டுநர் நம்பிவிடுகிறார். நானும் அப்படி நம்பியவன்தான். ஒரு தை மாத அந்தியில் கரும்புத் தோட்டங்களுக்கு இடையே சென்றபோது, பின்னால் வந்த இளைஞர் விடாமல் ஒலி எழுப்பிய பிறகே என் காரின் பின்புறம் இருண்டிருந்ததை அறிந்தேன்.

அதே மாலையில், எனக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதன் பின்புறம் விளக்கும் இல்லை, சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லை.

எல்லா வண்டிகளும் ஒளிரும் சாலையில் ஒளிராதவர் மேலும் மறைந்துபோகிறார். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 74,897 பேர்; பாதசாரிகள் 32,825 பேர். முன்னவர்க்கு விளக்கு வந்துவிட்டது. பின்னவர்க்கும், மிதிவண்டிக்கும், டிரெய்லருக்கும் அப்படி எதுவும் தானாக எரியப் போவதில்லை. டிரெய்லரின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டைக்கு மின்சாரம் வேண்டாம், விலையும் சொற்பம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே பிரதிபலிப்பானுக்கு இடம் இருக்கிறது. அடுத்த கரும்பு வெட்டு தொடங்கும் முன், போக்குவரத்துத் துறையினர் பாகூர் பகுதி டிரெய்லர்களை ஓரிடத்தில் நிறுத்தி அப்பட்டைகளை இலவசமாகவே ஒட்டி அனுப்பலாம். ஒரு நாள் வேலைதான் அது.