கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு குப்பி சோதனை

"கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், மழை பெய்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என வீட்டிலேயே பார்க்க முடியுமா?"
- வாசகி ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்

பார்க்கலாம். அதற்கு 'ஹெச்2எஸ்' குப்பி போதும். 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் மஞ்சா, மௌரியா, ராவ் வெளியிட்ட எளிய முறை இது. ஊராட்சியிலோ குடிநீர் வடிகால் வாரிய அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

குப்பிக்குள் மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். உள்ளே விரல் படாமல், கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். மனிதர், கால்நடைக் கழிவிலிருந்து வரும் பாக்டீரியா இருந்தால், அது வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு காகிதத்திலுள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தண்ணீர் கறுத்துவிடும். காலராவா, டைபாய்டா என்றெல்லாம் இது சொல்லாது. குடிக்கலாமா, கூடாதா என்பதற்குத்தான் இது. அழுகிய முட்டை வாடையடிக்கும் தண்ணீர் ஊற்றியவுடனே கறுக்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கறுக்கவில்லை என்றாலும் ஒரே சோதனையை நம்பிவிட வேண்டாம். அடுத்த மழைக்குப் பிறகும் பாருங்கள்.

கறுத்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லுங்கள். குப்பியில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முடிவுக்குக் காத்திருக்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.