விருந்தாளி விசாவில் கூலி வேலை

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் மழை பொய்த்தால் ஏஜென்டு வந்து வாசலில் நிற்கிறான். கோவையில் பஞ்சாலைக் கதவு சாத்தப்பட்டாலும் அவனேதான் வந்து நிற்கிறான். "துபாயில் வேலை தயார். இப்போது விசிட் விசாவில் போ; போய்ச் சேர்ந்ததும் கம்பெனி விசா அடித்துத் தருவார்கள்" என்கிறான். மனைவியின் தோடும், மிஞ்சியிருந்த அரைக்காணியும் அடகுக்குப் போகின்றன.

அந்த விசிட் விசா என்பது என்ன? ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சர்க்கார் அதை 30 நாளுக்கோ 60 நாளுக்கோ தருகிறது. ஊர் சுற்றிப் பார்க்கலாம், உறவினரைக் கண்டு வரலாம். ஆனால் கூலிக்காகக் கரண்டியைக் கையில் எடுத்த நிமிஷமே அது சட்டவிரோதம். கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் என்று 2022இல் விதி செய்தார்கள். மாதம் 1,500 திர்ஹாம்! சித்தாள் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போன நம்மவர் பலருக்கு மாதச் சம்பளமே அவ்வளவு எட்டாது. ஊரில் கடன் வட்டி போடுகிறது. அங்கே அபராதம் குட்டி போடுகிறது.

இதில் ஆதாயம் யாருக்கு? வேலை வாங்குகிற காண்டிராக்டருக்குத்தான். கூலியை இழுத்தடிக்கலாம், பாதியைக் கொடுத்துவிட்டு விரட்டலாம்; கேள்வி கேட்பார் இல்லை. புகார் கொடுக்கப் போகிறவன் "நான் அனுமதியின்றி வேலை செய்தேன்" என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும் அல்லவா? பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என 2024இல் அந்நாட்டுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவன் பயந்து ஒளிந்து கிடக்கும்வரை அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும்?

அதே 2024 செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். முதலில் இரண்டு மாதம், பிறகு டிசம்பர் கடைசிவரை நீட்டினார்கள். அபராதம் தள்ளுபடியாகி, பலர் ஊர் வந்து சேர்ந்தார்கள். நல்லதே. ஆயினும், மன்னிப்பாம்! உழைத்த கூலியை வாங்காமல் திரும்பியவனை யார் எதற்காக மன்னிப்பது?

முறையாகக் கம்பெனி விசாவில் போனவனுக்கும் முழு நிம்மதி கிடையாது. அவன் குடியிருப்பு உரிமை வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. வேலை போனால் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாமோ, வீட்டு வசதியோடு 3,000 திர்ஹாமோ சம்பளம் வேண்டுமென்பது விதி. கட்டடத் தொழிலாளி அந்தத் தொகையை எந்தக் காலத்தில் தொடுவது? இருபது வருஷம் அங்கே உழைத்தும், பெற்ற பிள்ளையை லீவில் மட்டும் பார்த்தவர்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்! இன்னொரு பக்கம், 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்குகிறவனுக்குப் பத்தாண்டுத் தங்க விசா. அவனுக்கு முதலாளியும் தேவையில்லை, ஜாமீனும் தேவையில்லை. ஆறு மாதத்துக்குமேல் வெளியே இருந்தாலும் அது ரத்தாகாது. அவன் வாங்குகிற மாடி வீட்டைக் கட்டியவன் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்துச் சர்க்காரைச் சொல்லிவிட்டு நம் சர்க்காரை விட்டுவிட முடியாது. பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் ஒப்பந்தத்தைப் பரிசீலித்து அனுமதி தரும் முறை 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. பதிவு பெற்ற ஏஜென்டு 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். பத்து லட்சம் ரூபாய் இன்ஷூரன்சும் சேர்த்தார்கள். விசிட் விசாவில் ஏற்றிவிட்டால் இவை மூன்றும் ஒரே அடியில் காற்றில் போகின்றன. பத்தாவது தேறிய ஆலைத் தொழிலாளிக்கோ அந்தப் பரிசீலனையே கிடையாது. பதிவில்லாத ஏஜென்டுக்கு இரண்டாண்டு வரை சிறை என்று அச்சட்டத்தில் எழுதியிருந்தது. எழுதியதால் மட்டும் யார் பயந்தார்கள்?

போலி ஏஜென்டு வாங்கிய பணத்தைப் பறிமுதல் செய்து குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும். விசிட் விசாவில் ஏமாந்தவர் கூலி பாக்கி கேட்டு வழக்காட நமது தூதரகம் வக்கீல் வைத்துத் தர வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழக சர்க்கார் 1978இல் சொந்தமாகவே ஒரு நிறுவனம் தொடங்கியது. அதன் கிளை தலைநகரோடு நில்லாமல், ஏஜென்டு கால் வைக்கும் ஒவ்வொரு தாலுகாவுக்கும் வர வேண்டும்.

இதற்கிடையே, பயணத்துக்குப் புறப்பட்டு நிற்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு எண்ணைக் கேளுங்கள், சம்பளம் எழுதிய ஒப்பந்தத்தைக் கேளுங்கள், விசாத் தாளில் வேலை என்று இருக்கிறதா, சுற்றுலா என்று இருக்கிறதா என்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சுற்றுலா என்றிருந்தால், தோடு அடகுக்குப் போகுமுன் சங்கத்துக்கு வாருங்கள்.