கம்ப்யூட்டர்த் தொழிலாளியின் கருவிகள் யாருடையவை?

மில் தொழிலாளி காலை ஷிப்டுக்குப் போகும்போது கையில் என்ன கொண்டு போகிறார்? தூக்குப்போசி ஒன்றுதான். ரிங் பிரேம் முதலாளியுடையது, நூல் முதலாளியுடையது, ஆலைக் கதவின் சாவியும் முதலாளியுடையது. விவசாயத் தொழிலாளிக்கு அரிவாளும் மண்வெட்டியும் சொந்தமாக இருக்கலாம், நிலம் சொந்தமில்லை. கருவி யாருடையதோ அவன் வைத்ததே சட்டம் என்பது நமக்குப் புதிய விஷயமல்ல.

நம் வீடுகளிலிருந்து படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: “நீ தினமும் எடுத்து வேலை செய்கிறாயே, அந்தக் கருவிகள் யாருடையவை?” லேப்டாப் கம்பெனியுடையது, வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதற்குள் இருக்கும் முக்கியமான கருவிகளில் பல எந்த முதலாளிக்கும் தனிச் சொத்தல்ல!

என்ன கருவிகள் அவை? கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளை எழுத ஒரு எடிட்டர். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க ஒரு கம்பைலர். பத்துப் பேர் ஒரே வேலையில் கை வைக்கும்போது, யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைக்க ‘கிட்’ என்ற பதிவேடு. எழுதி முடித்த வேலை பெரும்பாலும் போய் ஓடும் பெரிய கம்ப்யூட்டர்களை இயக்க ‘லினக்ஸ்’.

இரவல் கருவியும் சொந்தக் கருவியும்

1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிபுணர் ஓர் அறிவிப்புச் செய்தார். யாரும் உபயோகிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு ஒரு முழுக் கருவித் தொகுதியைச் செய்யப் போகிறேன் என்றார். அதற்கு ‘க்னூ’ என்று பெயர். 1989-ல் வந்த அதன் உரிம விதி ஒரு நிபந்தனையும் போட்டது: திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், அதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். பொதுவில் எடுத்ததைப் பூட்டி வைக்காதே என்பதே இதன் சாரம்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். 2017 நவம்பரில் எடுத்த கணக்கில், உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின. அதே 1991-ல் ஹாலந்துக்காரர் பிராம் மூலெனார் ‘விம்’ எடிட்டரை வெளியிட்டார். பிற்பாடு அவர் உபயோகிப்பவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: முடிந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள். அவர் 2023-ல் காலமானார். எடிட்டர் சாகவில்லை, மற்றவர்கள் நடத்துகிறார்கள்.

லினக்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் பதிவேட்டுக்கு ஒரு கம்பெனியின் கருவியை இலவசமாக, இரவலாக வைத்திருந்தார்கள். 2005-ல் கம்பெனி இலவசத்தை நிறுத்திவிட்டது. என்ன செய்தார்கள்? அந்த ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து சில நாட்களிலேயே ‘கிட்’டை உருவாக்கத் தொடங்கி இயக்கியும் காட்டினார். இன்று உலகமே அதில் வேலை செய்கிறது. இரவல் மண்வெட்டி எந்த நிமிஷமும் பறிபோகும் என்பது எந்த விவசாயிக்குத் தெரியாது?

ஏரியின் கரை யார் பொறுப்பு?

இத்தோடு கதை முடிந்தால் சந்தோஷம்தான். முடியவில்லை.

பொது ஏரி இருந்தால் போதுமா? கரையைப் பார்க்க வேண்டும். மதகைச் செப்பனிட வேண்டும். அதற்குத்தான் நம் ஊர்களில் குடிமராமத்து இருந்தது. தண்ணீர் பாய்ச்சியவன் எல்லாம் மண் சுமந்தான். இந்த ஏரியில் நடப்பதோ வேறு. கோடி கோடியாக லாபம் எடுக்கும் கம்பெனிகள் தண்ணீர் பாய்ச்சுகின்றன. கரையில் ஒருவரோ இருவரோ கூலியின்றி நிற்கிறார்கள்.

2014 ஏப்ரலில் ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற கருவியில் ஓட்டை இருப்பது தெரிந்தது. இன்டர்நெட்டில் நாம் அனுப்பும் ரகசியச் செய்திகளைப் பிறர் படிக்காமல் காக்கும் பூட்டு அது. ஓட்டை இரண்டு வருஷமாக இருந்திருக்கிறது! உலகமே நம்பியிருந்த அந்தக் கருவிக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கரை உடைந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் பணம் போட முன்வந்தன.

2024-ல் ‘எக்ஸ்இஸட்’ என்ற சிறு கருவி. ஒரே ஒருவர் வருஷக்கணக்காகச் சம்பளமின்றிப் பார்த்து வந்தார், சோர்ந்தும் போனார். உதவி செய்கிறேன் என்று புனைபெயரில் ஒருவன் வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்தான். பிறகு கள்ளக் கதவு ஒன்றை வைத்தான். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற எஞ்சினீயர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால் அகப்பட்டது. அரை விநாடி தப்பியிருந்தால்?

“இலவசமாகக் கொடுத்தவன் கூலி கேட்பானேன்?” என்று சிலர் கேட்பார்கள். அவன் கொடுத்தது உபயோகிக்கும் உரிமை. தன் தூக்கத்தை அல்ல. லினக்ஸில் வேலை செய்யும் பலருக்குக் கம்பெனிகள் சம்பளம் தருவது உண்மை. ஆனால் கண்ணில் படும் கருவிக்குக் காசு வருகிறது. அடியில் கிடக்கும் ஆணிக்கு வருவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கருவிகள் பொதுச் சொத்து. ஆனால் அவற்றில் பெரும் பகுதியைச் சேமித்து வைத்திருக்கும் ‘கிட்ஹப்’ என்ற கிடங்கு தனியார் சொத்து. 2018-ல் மைக்ரோசாப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது.

வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனி சர்க்கார் 2022-ல் இத்தகைய கருவிகளைப் பராமரிப்பதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பொதுக் கருவிகளிலேயே கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். மற்ற சர்க்கார்கள் ஏன் செய்யக் கூடாது? லாபம் எடுக்கும் கம்பெனி ஏன் ஒழுங்காகப் பங்கு தரக் கூடாது?

கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளை அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கேளுங்கள்: “உன் கருவியைச் செய்தவர் யார்? அவருக்குச் சோறு போடுவது யார்?” தண்ணீர் பாய்ச்சுகிறவன் எவனாயிருந்தாலும் கரைக்கு ஒரு கூடை மண் சுமக்கட்டும்!