வைப்பர் மாற்றுவதற்கும் பாஸ் வேணுமா?



ஒக்டோபர் முடியப் போகிறது. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் நம்மட கிழக்குக்கு மாரி இறங்கிவிடும். கூரை ஓடு பார்த்தாச்சு, கான் துப்புரவாக்கியாச்சு, பிள்ளைகளுக்குக் குடை வாங்கியாச்சு. வாசலில் நிற்கிற காரின் வைப்பரை எத்தனை பேர் தொட்டுப் பார்த்தோம்? நானும் போன வருசம் வரைக்கும் பார்க்காத ஆள்தான்.

போன டிசம்பரில் ஒரு நாள் மட்டக்களப்பிலிருந்து மகளோடு வந்துகொண்டிருந்தேன். மஃரிப் தாண்டிவிட்டது, கொட்டுகிற மழை. களுவாஞ்சிகுடி கழிய எதிரே ஒரு பஸ். அதன் வெளிச்சம் விழுந்ததும் வைப்பர் துடைக்காமல் விட்ட தண்ணீர்க் கோடுகளெல்லாம் மினுங்கத் தொடங்கின. ரோடே தெரியவில்லை, வெறும் வெள்ளை. மகள் "வாப்பா!" என்று கத்தியதில்தான் பிரேக்கை மிதித்தேன். பம்பருக்கு முன்னால் ஒரு சைக்கிள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், தலையில் சொப்பிங் பேக், பின்னுக்கு லைட் இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பாட்டுக்கு மிதித்துப் போய்விட்டான். எனக்குத்தான் கை நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பையனைத்தான் குறை சொன்னேன். லைட் இல்லாமல் ஏன் வாறான், உம்மா வாப்பா எங்கே என்று. மகள் கேட்டாள்: "ரெண்டு மாசமா வைப்பர் கத்துதே வாப்பா, உங்களுக்குக் கேக்கலயா?"

கேட்டது. கராஜுக்குப் போகும்போது பார்ப்போம் என்று விட்டிருந்தேன்.

நம்மில் அனேகர் இப்படித்தான். லைசன்ஸ் புதுப்பிக்க இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். நம்மட காரின் வைப்பரை யாரும் கேட்பதில்லை, ஆகவே நாமும் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஊரில் ஓடுவதில் பாதிக்கு மேல் பழைய கார்கள். அவற்றில் எத்தனையில் ரப்பர் கல்லாகிப் போய்க் கிடக்கிறதோ.

வைப்பர் மழையில் தேய்கிறது என்று நினைக்கிறோம். மழையை விட அதைக் கெடுப்பது வெயில்தான். எட்டு மாதம் வாசலில் காய்ந்து, கடற்கரை மணலும் உப்பும் ஒட்டி, ரப்பரின் விளிம்பு இறுகி வெடிக்கிறது. விரலால் தடவினால் தெரியும். வருசத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன்னம், மாற்றிவிட வேண்டும். குடும்பத்தோடு ஒரு இரவு கடையில் கொத்து சாப்பிடுகிற காசு போகாது.

வேலையைச் சொல்கிறேன். பழைய பிளேடை நுனிக்கு நுனி அளந்து எழுதுங்கள், கடையில் அங்குலக் கணக்கில்தான் கேட்பார்கள். டிரைவர் பக்கமும் மற்றப் பக்கமும் பெரும்பாலும் ஒரே நீளமில்லை. கையின் கொக்கியை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரத் தம்பிக்கும் லேசு.

வைப்பர் கையைக் கண்ணாடியிலிருந்து நிமிர்த்துங்கள். சில கார்களில் அது பொனட்டில் முட்டும். அப்படியென்றால் வைப்பரைப் போட்டு, நடுக் கண்ணாடிக்கு வந்ததும் சாவியை அணையுங்கள், அங்கேயே நிற்கும். இனி, கண்ணாடியில் தடித்த துவாயொன்றை மடித்து விரியுங்கள். இதை மட்டும் தவறவிட வேண்டாம். பிளேடு கழன்ற கை வெறும் இரும்பு, உள்ளே ஸ்ப்ரிங். தட்டுப்பட்டு அடித்தால் கண்ணாடி வெடிக்கும். முன் கண்ணாடி என்ன விலை என்று ஒருக்கா விசாரித்துப் பாருங்கள்.

பிளேடைக் கைக்குக் குறுக்காகத் திருப்பினால் நடுவில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கொன்று தெரியும். அதை அழுத்திக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கமாகத் தள்ளினால் கொக்கியிலிருந்து கழன்று வரும். புதியதைக் கொக்கியில் மாட்டி எதிர்ப்பக்கமாக இழுங்கள். 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் நடு ரோட்டில் கழன்று பறக்கும். ஜப்பான் கார்கள் பலவற்றில் ரப்பரை மட்டும் மாற்றலாம், அது இன்னும் மலிவு. ஆனால் ரப்பரோடு வருகிற இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளையும் எறிந்துவிடாதீர்கள், புதிய ரப்பரிலும் அவைதான் போகவேண்டும்.

கண்ணாடியையும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தால் ஒருக்கா கழுவிவிடுங்கள். பஸ் லொறிப் புகையின் எண்ணெய்ப் படலம் இருந்தால் புது ரப்பரும் கோடு போடும். எல்லாம் சேர்த்து இருபது நிமிசம்.

நான் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் காக்கா மதிலால் எட்டிப் பார்த்து, "சேர், ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல, பாஸ்ட குடுங்களே" என்றார். பாஸ்மாரின் பிழைப்பில் கை வைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் முதல் மழை பெய்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போய் நிற்கிறோம், அவர் எஞ்சினைப் பார்ப்பதா, ரப்பரைப் பார்ப்பதா? படித்தவன் கையில் எண்ணெய் படக்கூடாது என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. வகுப்பில் திறமைச் சித்தி எடுக்கிற பிள்ளைக்கு பியூஸ் கட்டத் தெரியாது.

அன்று துவாய் பிடித்து, மற்றப் பக்கத்துப் பிளேடைத் தானே மாட்டியது என் மகள்தான். "இது பொம்புளப் புள்ளட வேலயா" என்று வீட்டிலேயே ஒரு குரல் வந்தது. கார் கண்ணாடியைத் துடைக்க உள்ளிருந்து இயக்கும் வைப்பருக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தவரே மேரி அண்டர்சன் என்ற ஒரு பெண்தான் என்று சொன்னேன். பதில் வரவில்லை.

ஸ்கூல் வான் ஓட்டும் தம்பிமாரே, காலை ஆறரை மழையில் உங்கள் பின்னால் இருப்பது ஊர்ப் பிள்ளைகள். பெற்றோரும் மாதக் காசு கொடுக்கும்போது வைப்பரை ஒருக்கா பார்த்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவதைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். வெடித்த ரப்பரோடு மழை ரோட்டில் இறங்குகிற நாம், அந்தச் சைக்கிள் பையனுக்கு முள் இல்லையா?

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு என் வீட்டு வாசலில் நிற்பேன். பிளேடு வாங்கி வைத்திருக்கிறவர்கள் காரைக் கொண்டு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். மாற்றப் போவது நானில்லை, நீங்கள்தான். ஆளுக்கொரு பழைய துவாய் கட்டாயம்.