பதினேழு வயசும் ஒரு கப்பலும்

உங்கள் வீட்டில் பதினேழு வயசுப் பிள்ளையோ பெண்ணோ இருக்கிறதா? இருந்தால் இந்த வாரம் உங்களோடுதான் எனக்குப் பேச்சு. மற்றவர்கள் தாராளமாகத் தொடர்கதைப் பக்கத்துக்குப் போகலாம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் சிரஞ்சீவி ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். அதற்குள் மூன்று பேருமாக எங்கேயாவது போய்வர வேண்டும் என்று என் சம்சாரத்துக்கு ஆசை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் உல்லாசக் கப்பலில், நாலு ராத்திரிக்கு இடம் பிடித்தேன். செய்தியைச் சொன்னதும் பிள்ளையாண்டான் கேட்ட முதல் கேள்வி: "நான் வந்துதான் ஆகணுமா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கோபித்துக்கொண்டேன், பிரயோசனமில்லை.

என் தகப்பனார் சிறு வயசில் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. டெக்கில் பாயை விரித்தால் அதுதான் அறை, அதுதான் கட்டில். இந்தக் கதையைச் சொல்லிப் பிள்ளையின் மனசைக் கரைக்கப் பார்த்தேன். "அதிலே வைஃபை உண்டா?" என்றான். ரஜூலாவைக் கேட்டானா, நாங்கள் போகிற கப்பலைக் கேட்டானா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே அறை எடுத்தது என் முதல் தப்பு. ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நடுராத்திரிதான். மூன்றாவது படுக்கை கூரையிலிருந்து கீழே இறங்குகிறது. ஆறடிப் பிள்ளை அதில் ஏறிப் படுத்தால், கால் என் தலைக்கு மேலே தொங்குகிறது. பணம் இடம் கொடுக்குமானால் அவனுக்குப் பக்கத்து அறையைப் போட்டுவிடுங்கள்.

அந்தக் கப்பலில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயசு வரைக்கும் தனியாக ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். பெற்றோருக்கு அங்கே பிரவேசமில்லை. பதினெட்டு முடிந்தவர்களுக்கும் இல்லை. ஆகையால் டிக்கெட் எடுக்குமுன் பிறந்த தேதியைப் பாருங்கள். முதல் ராத்திரியே அனுப்பிவிடவும் வேண்டும். சிநேகிதமெல்லாம் அன்றைக்கே பிடித்துக்கொள்கிறது. எங்கள் பையன் கதவு வரையில் போய்த் திரும்பி வந்தான். அம்மாக்காரி மறுபடி துரத்திவிட்டாள். அப்புறம் அவனைக் கண்ணால் காண்பது அபூர்வமாகிவிட்டது. ராத்திரி ஒரு மணி.

"பயப்படாதே, கப்பலை விட்டு எங்கே போய்விடுவான்?" என்றேன்.

"கடல் இருக்கே, அதுக்குத்தான் பயப்படறேன்" என்றாள் சம்சாரம்.

மறுநாள் காலை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ராத்திரிச் சாப்பாடு மூன்று பேரும் ஒரே மேஜையில். பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அவன் இஷ்டம். நடுக்கடலில் கப்பல் கோபுரத்தின் வழியாகச் செல்போன் பேசினால் பில் பயங்கரமாக வரும் என்பதால், போனை விமான மோடில் போட்டுவிட்டு, கண்ணாடியில் சீட்டு ஒட்டித் தகவல் சொல்லிக்கொண்டோம். 'சாப்பிட்டேன். நீந்தப் போகிறேன்.' பத்து வருஷமாக அவன் எனக்கு எழுதிய கடிதங்கள் அவ்வளவுதான்.

பினாங்கில் துறையிலிருந்து நடந்தே போய், குயின் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயிலைத் தரிசித்து, இட்லி சாப்பிட்டுத் திரும்பினோம். விசேஷமில்லை.

புக்கெட்டில்தான் சமாசாரம். கப்பல் கடலிலேயே நின்றுகொள்ள, படகில் கரைக்குப் போனோம். நாலரைக்குக் கடைசிப் படகு. மன்றத்துச் சிநேகிதன் குடும்பத்தோடு போகிறேன் என்றான் பையன். "மூணு மணிக்குப் படகுத் துறையில் நிற்கணும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அப்பா பொல்லாதவன்!" என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினேன்.

இளநீர்க் கடை நிழலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம். என் போனில் மணி மூன்று ஆகவில்லை. இரைக்க இரைக்க ஓடி வந்தான் பையன். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கேப்பா போயிட்டீங்க? ஒரு மணி நேரமா நிக்கிறேன்!"

"மூணு மணிக்குத்தானே சொன்னேன்?"

"உங்க போன் தாய்லாந்து மணி காட்டுதுப்பா. கப்பலுக்குச் சிங்கப்பூர் மணி. இப்போ மூணே முக்கால் ஆகுது!"

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணி. தாய்லாந்து ஒரு மணி பின்னால். பினாங்கில் போனை நம்பிப் பிழைத்த தைரியத்தில், இங்கேயும் நம்பியிருந்தேன். அவனோ கப்பலேறியதிலிருந்து கைக்கடிகாரத்தைத் தொடவேயில்லை. அம்மாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினான். நாங்கள் பின்னால். துறையில் வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. கடைசிக்கு முந்தின படகில் இடம் கிடைத்தது.

சாப்பாட்டு மேஜையில் நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் விஷயத்தை எடுக்கவில்லை; எடுத்திருந்தால்கூட எனக்குத் தேவலை. பாயசம் வந்தபோது கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினான். "சிங்கப்பூர் போகிற வரைக்கும் கட்டிக்கோங்கப்பா." அன்றைக்கு ஒன்பது மணிக்கு மன்றத்துக்கு ஓடவில்லை. ரஜூலாவில் தாத்தா எத்தனை நாள் பாயில் படுத்துக்கொண்டு வந்தார் என்று கேட்டான்.

கடிகாரத்தைத் திருப்பித் தர மறந்தே போனேன். ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாளில் ஞாபகம் வந்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தான்.

"இன்னும் சிங்கப்பூர் மணியா? ரெண்டரை மணி முன்னாலே ஓடுதேப்பா!" என்று சொல்லி, முள்ளைத் திருகிக்கொண்டே ரயிலேறினான்.