மருந்து சரி, கப்பை யார் கழுவுறது?

அப்பா திண்டுக்கல்லில் இருந்து புனே வந்து மூணு மாசமாச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த டிபி குணமாகிவிட்டது. ஆனால் போகும்போது நுரையீரல் குழாய்களை விரித்துவிட்டுப் போயிருக்கிறது. பிராங்கியெக்டேசிஸ் என்கிறார்கள். தினமும் அரை டம்ளர் சளி. டெஸ்ட் செய்ததில் சூடோமோனாஸ் கிருமி.

டாக்டர் எழுதியது டோப்ராமைசின் 300 மில்லிகிராம், நெபுலைசரில், தினம் இரண்டு வேளை. 28 நாள் போட்டு 28 நாள் நிறுத்த வேண்டும். "மிஷின் வச்சா பழகிடும்டா, ஊசியே போடச் சொல்லு" என்றார் அப்பா. ஊசியில் போட்டால் சளிக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அளவைக் கூட்டினால் கிட்னிக்கும் காதுக்கும் ஆபத்து. மூச்சில் இழுத்தால் கிருமி இருக்கும் இடத்துக்கே நேராகப் போகும், ரத்தத்தில் கலப்பது குறைவு. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. (விலையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை.)

இந்த மருந்துக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு. அப்பா மாதிரி ஆட்களில், சூடோமோனாஸ் தங்கிப்போய் வருஷத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் முற்றுகிறவர்களுக்கு மூச்சில் இழுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்கிறது 2017-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். 2019-ல் வெளியான இந்தியக் கணக்கெடுப்பில் 2195 பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகள். அதில் 35.5 சதவீதம் பேருக்குக் காரணம் பழைய டிபி. நம் ஊர் வியாதிதான் சார் இது.

என் கோபம் மருந்து மேல் இல்லை. சீட்டை எழுதிக் கொடுத்தார்கள், கடையில் பெட்டியை நீட்டினார்கள், அவ்வளவுதான். முதலில் சால்ப்யூட்டமால், பிறகு சளியை வெளியேற்றும் பயிற்சி, அதற்கப்புறம்தான் இந்த மருந்து என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முதல் டோஸில் சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகும், அதனால் அதை ஆஸ்பத்திரியிலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அப்பா கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசித் துண்டால் துடைத்து வைக்கிறார். சூடோமோனாஸுக்குப் பிடித்ததே ஈரம்தான்! கிருமியைக் கொல்லும் மருந்தை, கிருமி வளரும் கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அரை மணி நேரம் உட்கார்ந்து செய்து காட்ட ஆள் இல்லையென்றால் இந்தச் சீட்டையே எழுதக் கூடாது என்பேன். டாக்டருக்கு நேரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். நர்ஸ் சொல்லலாமே? பிசியோதெரபிஸ்ட் சொல்லலாமே?

இப்போது மிஷின் கையேட்டைப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்கவைத்து, காற்றில் உலர்த்துகிறோம். அதற்கென்று தனிப் பாத்திரம் வாங்கியாச்சு, அம்மா தன் பால் குண்டாவைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.